ஊழியமும் பணிவிடையும்: டோனாவூர் ஐக்கியத்தின் உறவுச்சொற்கள் காட்டும் அன்றாட இறைப்பற்று

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவச் சமயத்தில் இறைவழிபாடும் பிறர்க்குச் செய்யும் தொண்டும் ஒன்றையொன்று பிரியாதவை எனக் கூறப்பட்டாலும், தமிழ்க் கிறித்தவ வழக்கில் ‘ஊழியம்’ என்னும் சொல் காலப்போக்கில் நற்செய்தி அறிவித்தலையே சிறப்பாகக் குறிக்கலாயிற்று. சமைத்தல், துவைத்தல், குழந்தை வளர்த்தல், நோயாளியைப் பேணுதல் முதலான அன்றாட வேலைகள் ‘பணிவிடை’ என்னும் நிலையில் நின்றன. திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் (1867–1951) தொடங்கிய டோனாவூர் ஐக்கியம் இப்பிரிவினையைத் தன் அன்றாட வாழ்வில் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை, அங்கு வழங்கிய உறவுச்சொற்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஊழியம், பணிவிடை, தொண்டு, உறவுச்சொல், டோனாவூர் ஐக்கியம், ஏமி கார்மைக்கேல், பொன்னம்மாள்.

முன்னுரை

தமிழ்ச் சமய மரபில் வழிபாட்டையும் உடலுழைப்பையும் ஒரே சொல்லால் சுட்டும் வழக்கு பழமையானது. ‘பணி’ என்னும் சொல் பெயராக நின்று வேலையையும், வினையாக நின்று வணங்குதலையும் உணர்த்தும். ‘தொண்டு’ இறைவனுக்கு அடிமையாதலையும் அடியார்க்குச் செய்யும் ஏவலையும் ஒருங்கே குறிக்கும். திருநாவுக்கரசர் உழவாரப்படை ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியதைச் சைவ மரபு வழிபாடாகவே போற்றுகிறது. சேக்கிழாரின் பெருநூல் திருத்தொண்டர் புராணம் எனப் பெயர் பெற்றதும் இக்கருத்தின் வலிமையைக் காட்டும். வேலையையும் வழிபாட்டையும் ஒருசேரக் குறிக்கும் ‘அவோதா’ என்னும் எபிரேயச் சொல்லை இதனோடு ஒப்பிடலாம்.

இத்தகைய மொழிக்குள் வந்த கிறித்தவம் அந்த ஒருமையை எவ்வாறு எடுத்துக்கொண்டது, எவ்விடத்தில் இழந்தது, எவ்விடத்தில் மீட்டது என்னும் வினாக்கள் தமிழாய்வுக்கு உரியவை. எச்.ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900) 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் முதலான படைப்புகள் இவ்வகையில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆனால் சமயப்பற்று செய்யுளில் மட்டும் தமிழ்மயமாவதில்லை. சமையலறையிலும் தொட்டிலருகிலும் நோயாளியின் கட்டிலருகிலும் வழங்கும் சொற்களிலும் தமிழ்மயமாகிறது. அத்தகைய சொற்களே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

விவிலியத் தமிழில் ஒரு பிளவு

‘ஊழியம்’ என்பது கடமையாகச் செய்ய வேண்டிய ஏவற்பணியைக் குறித்த சொல். திருவிதாங்கூரில் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த கட்டாய உழைப்பு இப்பெயராலேயே வழங்கியது. தாழ்த்தப்பட்டோர் மீது சுமத்தப்பட்ட உழைப்பின் பெயர், தமிழ் விவிலியத்தில் இறைப்பணியின் பெயராக உயர்ந்தது. இழிவைச் சுமந்த ஒரு சொல் மதிப்பைப் பெற்றது என்ற அளவில் இது குறிப்பிடத்தக்க பொருள் மாற்றம்.

எனினும் இவ்வுயர்வோடு ஒரு பிளவும் நேர்ந்தது. கிரேக்க மூலத்தில் ‘தியாகோனியா’ என்னும் சொல்லும் அதன் வினைவடிவமும் பந்தியில் உணவு பரிமாறுதல் முதல் திருச்சபைப் பொறுப்புவரை பலவகைத் தொண்டையும் குறிக்கும். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், காய்ச்சல் நீங்கிய பேதுருவின் மாமியார் எழுந்து வந்தவர்களுக்குச் செய்வதும், பத்தாம் அதிகாரத்தில் மனித குமாரன் தாம் செய்ய வந்ததாகக் கூறுவதும் கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல்லால் குறிக்கப்படுகின்றன. தென்தமிழகச் சீர்திருத்தத் திருச்சபைகளில் பெருவழக்காயுள்ள தமிழ் விவிலியமோ முதலாவதைப் ‘பணிவிடை’ எனவும் இரண்டாவதை ‘ஊழியம்’ எனவும் மொழிபெயர்க்கிறது. இடத்திற்கேற்ற மொழிபெயர்ப்பு என்னும் அளவில் இதனைக் குறைகூற இயலாது. ஆயினும் வீட்டுக்குள் ஒரு பெண் செய்யும் தொண்டும் மீட்பர் செய்யும் தொண்டும் மூலத்தில் ஒரே வினையாக இருப்பது தமிழ் வாசகருக்குப் புலப்படாமற் போகிறது.

திருச்சபை வழக்கு இப்பிளவை மேலும் அகலமாக்கியது. ‘ஊழியக்காரர்’ என்றால் நற்செய்தி அறிவிப்பவர் என்பதே இன்றளவும் முதலில் தோன்றும் பொருள். ‘ஊழியத்திற்குப் போகிறார்’ என்னும் தொடர் பிரசங்கத்திற்குச் செல்வதையே உணர்த்துகிறது. பணிவிடை செய்பவரை எவரும் ஊழியக்காரர் என அழைப்பதில்லை.

சுற்றூழியம் என்னும் முன்மாதிரி

இப்பொருட்குறுக்கத்திற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. தாமஸ் கஜெத்தன் ராக்லாண்ட் 1854இல் தம் தோழர்களுடன் சிவகாசியை மையமாகக் கொண்டு வட திருநெல்வேலியில் சுற்றூழியத்தைத் தொடங்கினார். இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவில் வட்டாரமும் அக்கால வட திருநெல்வேலியைச் சார்ந்ததே. கூடாரங்களில் தங்கி, ஊர் ஊராகச் சென்று, கேட்பவர்க்கு அறிவித்துவிட்டு அடுத்த ஊருக்கு நகர்வது அதன் முறை. 1858இல் ராக்லாண்ட் சிவகாசியிலேயே மறைந்தார். எளிமை, இடைவிடாத மன்றாட்டு, வசதியைத் துறத்தல் ஆகியவற்றால் அவர் வாழ்வு பின்வந்தோர்க்கு முன்மாதிரியாயிற்று. ஊழியம் என்பது நடத்தல், ஓரிடத்தில் தங்காதிருத்தல் என்னும் கருத்தும் அதனோடு வேரூன்றியது.

அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டு திருநெல்வேலியை அடைந்தபோது இம்முறையையே பின்பற்றினார். தாமஸ் வாக்கரின் வழிகாட்டுதலில் தமிழ் கற்றார். பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களுடன் ஒரு குழுவாக மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். அக்குழுவின் பெண்கள் நகை அணிவதைத் துறந்தனர். ஊதியத்தை நோக்காது உழைத்தனர். அன்றைய சமூகத்தில் பெண்கள், அவருள்ளும் கைம்பெண்ணாகிய பொன்னம்மாள் போன்றோர், இவ்வாறு வெளிச்சென்று உழைத்தது தனியே ஆராயத்தக்கது.

தொட்டிலருகில் நின்ற ஊழியம்

1901 மார்ச்சில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கோயில் சார்ந்த வீட்டிலிருந்து தப்பி ஏமி கார்மைக்கேலிடம் வந்து சேர்ந்தாள். பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு உள்ளாகவிருந்த பிற குழந்தைகளும் படிப்படியாக வந்தனர். அதே ஆண்டில் குழுவினரின் வாழ்வு டோனாவூரில் நிலைகொண்டது. ரேனியஸ் காலத்தில், நன்கொடையளித்த பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனாவின் பெயரால் அமைந்த சிற்றூர் அது. கைக்குழந்தைகளும் வந்து சேர்ந்தபின் சுற்றூழியம் இயலாததாயிற்று. குழந்தை தாயின் காலைக் கட்டிவிடும் என்னும் பொருளுடைய தமிழ்ப் பழமொழியை ஏமி கார்மைக்கேல் தம் நிலைக்குப் பொருத்திக் கண்டதாக அவர் வரலாறுகள் கூறுகின்றன.

இங்கேதான் மேற்கூறிய பிளவு நடைமுறைச் சிக்கலாக எழுந்தது. ஆன்மாக்களைத் தேடிச் செல்ல வந்தவர் குழந்தைகளின் துணி துவைப்பது ஊழியமாகுமா எனத் திருச்சபைக்குள்ளேயே ஐயம் எழுந்தது. மறுபுறம், குழந்தைகளைக் கழுவித் துடைக்கும் வேலைக்குக் கிறித்தவப் பெண்கள் முன்வரத் தயங்கினர். அவ்வேலை தாழ்ந்த சாதியாரின் வேலை என்னும் எண்ணம் மதம் மாறிய பின்னும் நீங்கவில்லை. ‘ஊழியத்திற்கு’ வந்தவர்கள் இருந்தனர். ‘பணிவிடைக்கு’ வந்தவர்கள் அரியராயினர். சொல்லில் இருந்த பிளவு சாதியின் பிளவோடு இணைந்து நின்றது என்பதை இச்சூழல் தெளிவாக்குகிறது.

இதற்கு டோனாவூர் அளித்த விடை யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்திலிருந்து பெறப்பட்டது. அங்கே ஆண்டவர் இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். அடிமையின் வேலையை அவர் தெரிந்து ஏற்றபின், எந்த வேலையையும் இழிந்தது எனத் தள்ளும் உரிமை சீடர்க்கு இல்லை என்பதே அவ்விடை. அதனை வாழ்ந்து காட்டியவர் பொன்னம்மாள். பிறர் ஒதுக்கிய வேலையைத் தாமே முதலில் எடுத்துச் செய்தார். நெய்யூர் மருத்துவப்பணியின் உதவியை நாடிக் கைக்குழந்தைகள் அங்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, அக்குழந்தையகத்தின் பொறுப்பை அவரே ஏற்றார். 1915இல் புற்றுநோயால் மறைந்த அவரைப் பற்றி ஏமி கார்மைக்கேல் தனிநூல் எழுதியுள்ளார். டோனாவூரின் வரலாறு ஓர் அயல்நாட்டுப் பெண்ணின் வரலாறாகவே பெரும்பாலும் கூறப்படுகிறது. ஆயினும் ஊழியத்துக்கும் பணிவிடைக்கும் இடையிலிருந்த சுவரை முதலில் கடந்த கைகள் ஒரு தமிழ்க் கைம்பெண்ணுடையவை என்பது வலியுறுத்தத்தக்கது.

அன்றாட ஒழுங்கு

இவ்விடை ஓர் உணர்ச்சியாக முடிந்துவிடாமல் ஒழுங்காக நிலைபெற்றதற்கு மூன்று கூறுகள் துணைநின்றன. 

முதலாவது, 1916இல் தோன்றிய ‘பொதுவாழ்வின் சகோதரிகள்’ என்னும் குழு. நெதர்லாந்தில் பதினான்காம் நூற்றாண்டில் கெர்ஹார்ட் குரோட்டின் வழிவந்த ‘பொதுவாழ்வின் சகோதரர்’ இயக்கத்தை நினைந்து இப்பெயர் இடப்பட்டது. திருமணம் செய்யாது பணியில் வாழ முன்வந்த பெண்கள் இதில் இணைந்தனர். புனித வேலை, உலகியல் வேலை என்னும் பாகுபாட்டை ஏற்காமை இக்குழுவின் அடிப்படை. மன்றாட்டு நேரம் முடிந்தபின் வேலை தொடங்குகிறது என்பதற்கு மாறாக, மன்றாட்டு வேலையின் வடிவில் தொடர்கிறது என இவர்கள் கொண்டனர்.

இரண்டாவது, பொருள் பற்றிய ஒழுங்கு. ஐக்கியத்தில் பணிபுரிந்தோர் ஊதியம் பெறவில்லை. பிறரிடம் நன்கொடை வேண்டிக் கேட்பதும் இல்லை. தேவையை இறைவனிடம் மட்டுமே கூறுவது என்னும் கொள்கையால் அன்றாட உணவே அன்றாட மன்றாட்டின் பொருளாயிற்று. அரிசியும் பாலும் மருந்தும் வழிபாட்டுக்கு வெளியே உள்ளவையாக இருக்க இயலவில்லை.

மூன்றாவது, கட்டட வரிசை. 1927இல் ஜெப வீடு எழுந்தது; பெரிய மருத்துவமனை அதன்பின்னரே எழுந்தது. மருத்துவமனைக்கு இடப்பட்ட ‘பரம சுக சாலை’ என்னும் பெயரில் வானுலக நலமும் உடல்நலமும் ஒருசேர ஒலிக்கின்றன. வைத்தியசாலை, பாடசாலை என்னும் வழக்கை ஒட்டிய ‘சாலை’ என்னும் ஈறு அதனைத் தமிழ்ச் செவிக்கு இயல்பாக்குகிறது.

உறவுச்சொற்களின் பணி

டோனாவூரில் மிகுந்த கவனத்திற்குரியது அங்கு வழங்கிய அழைப்புச் சொற்களின் முறை. அக்காலத் திருநெல்வேலிக் கிறித்தவர்கள் அயல்நாட்டு ஊழியரை ‘ஐயர்’ என்றனர். ரேனியஸ் ஐயர், போப்பையர் என்பன போன்ற வழக்குகள் இன்றும் நினைவில் உள்ளன. அயல்நாட்டுப் பெண்கள் ‘மிஸ்ஸியம்மாள்’ எனப்பட்டனர். ஐயர் என்பது குருவின் உயர்வையும், மிஸ்ஸியம்மாள் என்பது அயன்மையையும் சுட்டும். குழந்தைகளை ஏற்கத் தொடங்கிய ஏமி கார்மைக்கேலை ஊரார் ‘பிள்ளை பிடிக்கிற மிஸ்ஸியம்மாள்’ என ஏசியதும் இவ்வழக்கின் நீட்சியே.

ஐக்கியத்திற்குள் இச்சொற்கள் வழக்கொழிந்தன. ஏமி கார்மைக்கேல் ‘அம்மா’ ஆனார். அயல்நாட்டிலிருந்து வந்த பெண் பணியாளர்கள் ‘சித்தி’ எனப்பட்டனர். குழந்தைகளைப் பேணிய தமிழ்ப் பெண்கள் ‘அக்காள்’ எனவும், ஆண்கள் ‘அண்ணாச்சி’ எனவும் அழைக்கப்பட்டனர். அண்ணாச்சி என்பது திருநெல்வேலி மண்ணுக்கே உரிய மரியாதைச் சொல். உடன்பிறந்த மூத்தவரையும் உறவில்லாத பெரியவரையும் ஒரே நெருக்கத்தில் வைப்பது. ஐயர் என அழைக்கப்படுவதற்கும் அண்ணாச்சி என அழைக்கப்படுவதற்கும் இடையே பெரிய தொலைவு உண்டு.

இம்மாற்றத்தின் பயன் வெறும் அன்பு வெளிப்பாடன்று. தமிழ்க் குடும்பத்தில் உறவுச்சொல் கடமையை வரையறுப்பது. தாய் இறந்த குழந்தையைச் சித்தி வளர்ப்பதும், தம்பி தங்கையரை அக்காள் இடுப்பில் சுமப்பதும் கொடையாகக் கருதப்படுவதில்லை, அது முறை. கொடுப்பவர், பெறுபவர் என்னும் வேறுபாட்டை அறச்செயல் எப்போதும் சுமக்கிறது. உறவின் முறையாகச் செய்வதில் அவ்வேறுபாடு மங்கிவிடுகிறது. ‘அநாதை இல்லம்’ என்னும் பெயர் குழந்தையின் இல்லாமையைச் சுட்டும். ‘அம்மா’, ‘சித்தி’, ‘அக்காள்’ என்னும் சொற்கள் அக்குழந்தைக்கு உள்ளவர்களைச் சுட்டும். இறைவனின் விருப்பப்படி செய்பவரே தமக்குத் தாயும் உடன்பிறந்தாரும் எனக் கிறித்து கூறிய கருத்து, இங்கே தமிழ் உறவுமுறையின் வழியாக நடைமுறை வடிவம் பெற்றது. ஊழியமா பணிவிடையா என்னும் வினாவே இதனால் பொருளிழந்தது. தன் குழந்தையைக் குளிப்பாட்டும் தாயிடம் எவரும் அவ்வினாவைக் கேட்பதில்லை.

மறுபக்க மதிப்பீடு

இவ்வுறவுமுறையை விமரிசனமின்றி ஏற்பது ஆய்வாகாது. சித்தி என்பது தாயின் தலைமுறைக்குரிய சொல். அக்காள் என்பது குழந்தையின் தலைமுறைக்குரியது. அயல்நாட்டுப் பெண்கள் சித்தியராகவும் தமிழ்ப் பெண்கள் அக்காள்மாராகவும் அமைந்தபோது, குடும்பம் என்னும் உருவகத்திற்குள்ளேயே ஒரு தலைமுறை உயர்வு தாழ்வு புகுந்துகொண்டது. ஆண்களுக்கு வழங்கிய ‘அண்ணாச்சி’ உடன்பிறப்பு நிலையிலேயே நின்றதால், இவ்வேறுபாடு பெண்களிடத்தில்தான் கூர்மையாகப் புலப்படுகிறது. வெள்ளலன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில், அயல்நாட்டு ஊழியரிடமிருந்து இந்தியத் திருச்சபை வேண்டுவது தியாகத்தையும் உதவியையும் விட நட்பே எனும் கருத்துப்பட முறையிட்டார். தாய்மை எவ்வளவு கனிவுடையதாயினும் நட்பின் சமநிலையை அது தானே தந்துவிடாது. டோனாவூரை அம்முறையீட்டோடு இணைத்துப் பார்க்கும்போது அதன் பெருமையும் எல்லையும் ஒருங்கே தெரிகின்றன.

1903இல் வெளிவந்த ‘திங்ஸ் அஸ் தே ஆர்’ உள்ளிட்ட ஏமி கார்மைக்கேலின் நூல்கள் ஆங்கில வாசகருக்காக எழுதப்பட்டவை. தமிழ்ச் சமூகத்தை இருளாகவும் கிறித்தவத்தை ஒளியாகவும் காணும் அக்கால நோக்கு அவற்றில் உண்டு. குழந்தைகளின் உறவினர்கள் வழக்குத் தொடுத்ததும் உண்டு. பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கெதிரான போராட்டமும் அவர் ஒருவருடையதன்று. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் சட்டமன்ற முயற்சிகளும் அவர் நிறுவிய அவ்வை இல்லமும், 1936இல் வெளிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை’ புதினமும் அப்போராட்டத்தின் தமிழ்க் குரல்கள். 1947ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றின் வழியே வந்தது. சட்டம் வழக்கத்தை ஒழிக்கும்; வழக்கத்திலிருந்து வெளிவந்த குழந்தையை இரவில் எவர் தூக்கி உறங்கவைப்பது என்னும் வினாவுக்குச் சட்டத்தில் விடை இராது. அவ்வினாவை எதிர்கொண்டதே அவ்வை இல்லத்துக்கும் டோனாவூருக்கும் உள்ள பொதுமை.

முறை திரும்பிய காலம்

1931 அக்டோபரில் விழுந்து காயமுற்ற ஏமி கார்மைக்கேல், எஞ்சிய ஏறத்தாழ 20 ஆண்டுகளைப் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். நூல்கள் பல எழுதினாலும், பிறர் பணிவிடையின்றி வாழ இயலாத நிலை அவருடையது. முன்பு பேணப்பட்டவர்கள் இப்போது பேணினர். உறவுமுறை உண்மையானதா, உருவகம் மட்டுமா என்பதை இக்காலமே சோதித்தது எனலாம். கொடையாளர் நலிந்தால் பயன்பெற்றவர்க்கு நன்றியுணர்வு மட்டுமே எஞ்சும்; தாய் நலிந்தால் பிள்ளைகளுக்குக் கடமை எழும். டோனாவூரில் எழுந்தது கடமை.

1951 ஜனவரி 18இல் அவர் மறைந்தார். தம் கல்லறையின்மேல் கல் நாட்ட வேண்டாம் எனக் கூறியிருந்தார். அவர் வளர்த்தவர்கள் அவ்விடத்தில் பறவைகள் நீரருந்தும் தொட்டி ஒன்றை அமைத்தனர். அதில் பெயரோ ஆண்டோ பட்டமோ இல்லை. தாயைக் குறிக்கும் தமிழ்ச் சொல் ஒன்றே பொறிக்கப்பட்டது.

முடிவுரை

கிரேக்க மூலத்தில் ஒன்றாயிருந்த தொண்டு, தமிழ் விவிலியத்தில் ஊழியம் எனவும் பணிவிடை எனவும் பிரிந்தது. திருச்சபை வழக்கு முன்னதை நற்செய்தி அறிவித்தலாகச் சுருக்கியது. சாதி எண்ணம் பின்னதைத் தாழ்த்தியது. டோனாவூர் ஐக்கியம் இப்பிளவை இறையியல் நூலால் சரிசெய்யவில்லை. குழந்தையகத்தின் அன்றாட ஒழுங்காலும், அங்கு வழங்கிய தமிழ் உறவுச்சொற்களாலும் கடந்தது. அச்சொற்களுக்குள் ஏற்றத்தாழ்வும் தங்கியிருந்தது என்பது மறுக்கத்தக்கதன்று. ஆயினும் இறைப்பற்று அன்றாடத் தொண்டாக மாறும் இடம் கொள்கை அறிக்கையில் இல்லை, ஒருவரை மற்றவர் எவ்வாறு அழைக்கிறார், அழைத்தபின் அச்சொல்லுக்குரிய கடமையைச் செய்கிறாரா என்பதில்தான் உள்ளது என்பதை டோனாவூர் காட்டுகிறது. தமிழகக் கிறித்தவத் தொண்டு நிறுவனங்களின் அழைப்புச் சொற்கள் தொகுக்கப்பட்டு ஒப்பாய்வு செய்யப்பட்டால், தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் பெயர் பதியாத அக்காள்மாரின் பங்கு மேலும் வெளிப்படும்.